ஒரே கஷாயம், மூன்று டம்ளர்

அத்தியாயம் 7

“நானும் குடிச்சேன்பா! அதே பானை, அதே கரண்டி, அதே கஷாயம். செத்தா பூட்டேன்? குத்துக்கல்லாட்டம் உன் எதிர்ல நிக்கிறேன், பாரு!”

மணியம்மாள் மேஜையை ஓங்கித் தட்டியதில் என் டீ பாதி கொட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. வெளியே ஞாயிற்றுக்கிழமை பிடித்த ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. அந்த மழையில் நனைந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் ‘துப்பறியும் நிபுணர்’ என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரே ஆசாமி எங்கள் கோதண்டபாணி. கீழே சைக்கிள் கடை, மேலே நாங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் பஞ்சர் ஒட்ட வழி கேட்பவர்கள். நான் கண்ணாயிரம், அவருடைய உதவியாளன். பேருக்கு ஆயிரம் கண், மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. இந்த விஷயத்தில் யார் கேலி செய்தாலும் எனக்குக் கோபம் வரும். நானே செய்துகொண்டால் வராது.

“முதல்ல உக்காருங்கம்மா. யார் செத்தது?” என்றார் கோதண்டபாணி.

“இன்னும் சாவல. ஆனா எழுந்திருக்கவும் இல்ல.”

மணியம்மாளின் பிறந்த ஊர் மாகறல். பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷம். பக்கத்து வீட்டுக்காரர் உமாபதி, பட்டுத்தறி நெய்கிறவர். மனைவி அம்சவேணி. மழை பிடித்த நாளிலிருந்து உமாபதிக்குத் தலைவலி, மந்தம், அப்புறம் சளிக்காய்ச்சல். நேற்றுக் காலை அம்சவேணி ஒரு பானை கஷாயம் போட்டிருக்கிறாள். புருஷனுக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர், இருமிக்கொண்டிருந்த மணியம்மாளுக்கு ஒரு டம்ளர். பத்து மணிக்கு கம்பவுண்டர் யேசுதாஸ் வந்து உமாபதிக்கும் மணியம்மாளுக்கும் ஒரே பாட்டில் மருந்தை ஊசி போட்டுவிட்டுப் போனார். அடுத்த ஒரு மணி நேரத்தில் உமாபதிக்கு வலிப்பு. இப்போது ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறார்.

“அவரோட அண்ணன் நமச்சிவாயம் நேரா ஸ்டேஷனுக்குப் போயி, அம்சவேணி கஷாயத்துல ஊமத்தங்காய் அரைச்சுக் கலந்துட்டாள்னு எழுதிக் குடுத்துட்டாரு. போன பொங்கலுக்குத் தனிக்குடித்தனம் வந்தாங்கல்ல, அந்தக் காண்டு! இன்ஸ்பெக்டர் அந்தப் பொண்ணை இட்டுக்கினு பூட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு மாஜிஸ்திரேட்டு முன்னாடி நிறுத்தப் போறாங்களாம். அப்புறம் வேலூர் ஜெயிலுதானாமே?”

“இன்ஸ்பெக்டர் கையில சாட்சி என்ன இருக்கு?”

“பானையைக் கழுவிக் கவுத்துட்டாளாம். அதான் சாட்சியாம்.”

“பானை கழுவுறது குத்தம்னா என் சம்சாரம் ஆயுள் கைதி சார்” என்றேன்.

கோதண்டபாணி சிரிக்கவில்லை. குடையை எடுத்தார். “மூணு பேர் குடிச்சாங்க, ரெண்டு பேர் ஊசி போட்டுக்கிட்டாங்க, விழுந்தது ஒருத்தர். கண்ணாயிரம், இதுல விஷத்தைத் தேடாதே. அந்த ஒருத்தர்கிட்ட மட்டும் என்ன வித்தியாசம்னு தேடு.”

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் கமலாட்சி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பதைக் கண்களே சொல்லின. உமாபதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண் பாதி திறந்திருந்தது. நான் குனிந்து கூப்பிட்டேன். அந்தக் கண் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது.

“ஊமத்தையா டாக்டர்?” என்று கேட்டார் கோதண்டபாணி.

“இல்லை. ஊமத்தைன்னா கண்மணி விரிஞ்சிருக்கும், நாக்கு வறண்டிருக்கும். அதை எழுதியும் குடுத்துட்டேன். ‘அப்ப வேற விஷம்’ங்கிறார் இன்ஸ்பெக்டர். எது இல்லைன்னு சொன்னா போதாதாம், எதுன்னு சொல்லணுமாம்.”

“உங்க மனசுல ஏதோ இருக்கு.”

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்குச் சந்தேகம் அந்த ஊசி மருந்து மேலதான். மருந்துல தப்பில்லை, தினம் நானே போடறேன். ரத்தத்தோட உடம்பு பூரா சுத்தும், மூளைக்குள்ள மட்டும் லேசுல போகாது. மூளைக்கு ஒரு வேலி இருக்கு. அந்தக் காலத்துல ஒருத்தர் பிராணிங்க ரத்தத்துல நீலச் சாயம் ஏத்திப் பார்த்தார். ஈரல், தோல் எல்லாம் நீலமாச்சு. மூளை மட்டும் வெள்ளையாவே இருந்துச்சு.”

“பசை போகாத பட்டு மாதிரி. சாயத்தொட்டியில முக்கினாலும் சரியாப் பிடிக்காது” என்றேன் நான். என் மாமனார் சாயப்பட்டறைக்காரர்.

“கிட்டத்தட்ட. இங்க வேலின்னா உயிரோட இருக்கிற வேலி. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ச் சுவர்ல செல்லுங்க தோளோட தோள் ஒட்டி நிக்குது. எதை உள்ள விடலாம், எதை வெளிய தள்ளணும்னு ராத்திரி பகலா வேலை. அதுக்குச் சக்தி வேணும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அடுப்பு மாதிரி ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நாம இழுக்கிற மூச்சுதான் அதுக்குக் காத்து. அந்த அடுப்பு அணைஞ்சா காவல்காரனுக்குக் கை ஓயும். பிடி தளரும். அப்புறம் வரக்கூடாதது எல்லாம் உள்ள வரும்.”

“அப்போ இவருக்கு மட்டும் வேலி முன்னாடியே விட்டுப் போயிருக்கு.”

“அப்படித்தான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க, இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற விஷயம். மணியம்மாவுக்கு வேலி உறுதியா இருந்தது, மருந்து சளியோட நின்னுச்சு. இவருக்கு அதே மருந்து மூளைக்குள்ள போயிடுச்சு. ஆனா அடுப்பை அணைச்சது எது? அதுதான் எனக்குத் தெரியலை.”

“அதைக் கண்டுபிடிச்சா இவரைக் காப்பாத்த முடியுமா?”

டாக்டர் உமாபதியின் போர்வையைச் சரி செய்தார். “உள்ள போன மருந்து தானா வடிஞ்சுடும். ஆனா சக்தியில்லாமச் செத்துப்போன செல் திரும்பாது. கண் முழிச்சாலும் யாரையும் அடையாளம் தெரியாமப் போகலாம். பிராணவாயு குடுக்கறேன், வலிப்புக்கு ஊசி குடுக்கறேன். வேற ஒண்ணும் என் கையில இல்லை சார். அந்தப் பெண்ணையாவது காப்பாத்துங்க.”

வெளியே வந்ததும் கோதண்டபாணி ஸ்டேஷன் பக்கம் குடையைத் திருப்பினார்.

*

இன்ஸ்பெக்டர் அப்பாதுரை கெட்டவர் இல்லை. தனக்குப் பிடிபடாத விஷயத்தைச் சத்தம் போட்டு அடக்கிவிடலாம் என்று நினைப்பவர். கோதண்டபாணி கேட்டுக்கொண்டதற்காக, கஷாயம் போட்ட இடத்தைக் காட்டச் சொல்லி அம்சவேணியை ஜீப்பில் வீட்டுக்குக் கூட்டி வந்தார். துணைக்கு மணியம்மாள். வாசலில் அண்ணன் நமச்சிவாயம், நெற்றி நிறைய விபூதியும் கண் நிறைய வெறுப்புமாக நின்றிருந்தார்.

அம்சவேணிக்கு முப்பது வயது இருக்கலாம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஜீப்பை விட்டு இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அவரு கண்ணு முழிச்சாரா?” என்பதுதான். மணியம்மாள் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

கோதண்டபாணி சமையல்கட்டுப் பக்கமே திரும்பவில்லை. நேரே தறி இருந்த அறைக்குப் போனார். பத்தடிக்கு எட்டடி அறை. ஒரு சன்னல், அது சாத்தியிருந்தது. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழிக்கு மேல் ஒரு கட்டம் போட்ட சேலை பாதியில் நின்றது. சிவப்பில் மஞ்சள் கட்டம்.

“இந்தக் கட்டம் எப்படிம்மா விழுது?”

“குறுக்கால ஓடுற ஊடை நூலை எண்ணித்தான் சார். நாப்பது இழை சிவப்பு, அப்புறம் நாலு இழை மஞ்சளு. மனசுக்குள்ளயே எண்ணிக்கினு நெய்வாரு. பதினாறு வருசத்துல ஒரு இழை தப்பினதில்ல.”

கோதண்டபாணி ஒரு தீக்குச்சியை எடுத்தார். ஒரு கட்டத்தின் அளவுக்கு ஒடித்தார். சுருட்டியிருந்த சேலையைப் பிரித்து ஒவ்வொரு கட்டமாக வைத்துக்கொண்டே வந்தார். குச்சியும் கட்டமும் ஒட்டினாற்போல் பொருந்தின. ஓரிடத்தில் குச்சி நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த கட்டத்தில் குச்சி போதவில்லை. அப்புறம் ஒரு நெட்டைக் கட்டம், ஒரு குட்டைக் கட்டம், மஞ்சளே விழாத ஒரு கட்டம்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்வார்?”

“ஒரு முழம். புதங்கெழம சாயந்திரம் எழுந்தவரு, அப்புறம் உக்காரவேயில்ல.”

அவர் கையால் அளந்தார். தப்பு தொடங்கிய இடத்திலிருந்து கடைசி இழை வரை இரண்டு முழம். “புதன் சாயந்திரம் தறியை விட்டு எழுந்திருக்கார். ரெண்டு முழம்னா செவ்வாய்க்கிழமை காலையிலயே இவருக்கு எண்ணிக்கை தப்பியிருக்கு. கஷாயமும் ஊசியும் வியாழக்கிழமை. இன்ஸ்பெக்டர், டம்ளர் இவர் கைக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தியே இவர் மூளை கெட்டாச்சு!”

நான் கைதட்டப் போனேன். அப்பாதுரை மீசையைத் தடவினார்.

“பலே! எனக்கு நல்ல வேலை செஞ்சு குடுத்தீங்க. செவ்வாய்க்கிழமையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்திருக்கா. ஒரே நாள்ல கொன்னா மாட்டிக்குவோம்னு. இந்தச் சேலையையும் எக்ஸிபிட்டாச் சேர்த்துடறேன்.”

“அதான் சார்! அதைத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்!” என்று வாசலிலிருந்து கத்தினார் நமச்சிவாயம். அம்சவேணி சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. பெருமாளே என்று கோதண்டபாணியைப் பார்த்தேன். அவர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அம்சவேணியின் முன் குந்தினார்.

“உனக்கும் இந்த வாரம் தலைவலி இருந்ததாம்மா?”

“இருந்திச்சு சார்.”

“எங்க இருக்கும்போது வலிக்கும்? எங்க போனா விடும்?”

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. அவள் யோசித்தாள். “இங்க வந்து நின்னா வலிக்கும். குழாயடிக்குத் தண்ணிக்குப் போனா விட்டுடும். சமையக்கட்டுலயும் அவ்ளோ இல்ல.”

“அப்போ விஷம் டம்ளர்ல இல்லை. இந்த ரூம்ல இருக்கு.” அவர் தறிக்கு அடியில் கையை நீட்டி ஒரு குமுட்டி அடுப்பை இழுத்தார். அடி நிறைய வெள்ளைச் சாம்பல்.

“அது பாவு, தறியில நீளவாக்குல கட்டின நூலு, காய வெக்கிறதுக்குய்யா” என்றார் நமச்சிவாயம். “மழையில பட்டு ஈரம் கோத்துக்கினா இழைக்கு இழை ஒட்டிக்கும், தறி ஓடாது. இந்தத் தெருவுல எல்லாரும் வெக்கிறதுதான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து வெக்கிறோம்.”

“சன்னலைச் சாத்திட்டா வெப்பீங்க?”

நமச்சிவாயம் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ எப்படி வெச்சியோ அப்படியே வெச்சுக் காட்டும்மா” என்றார் கோதண்டபாணி.

அம்சவேணி எழுந்தாள். என்னதான் ஆனாலும் கை பழகிய வேலை. நல்ல கெட்டிக் கரியாகப் பார்த்துப் பொறுக்கினாள். வாசலில் வைத்து விசிறிப் புகையெல்லாம் போகிறவரை காத்திருந்தாள். கரி சிவக்கச் சிவக்கக் கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டு வந்து பாவுக்கு அடியில் வைத்தாள். “புகை பட்டா சரிகை கறுத்துடும் சார். அதனால புகை சுத்தமா போனப்புறந்தான் உள்ள எடுத்துக்கினு வருவேன்.” பிறகு ஒரு கோணிப்பையை எடுத்துச் சன்னல் இடுக்கில் திணித்தாள். “மத்தவங்க சன்னலைத் தொறந்து வெப்பாங்க. இந்தச் சன்னல் கெழக்கால பார்த்தது, சாரல் நேரா சேலை மேல அடிக்குது. புகையே இல்லாத நெருப்புக்குச் சன்னல் எதுக்குன்னு நான்தான் சாத்தினேன்.”

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“கண்ணாயிரம், குழியில இறங்கு” என்றார் கோதண்டபாணி.

“நானா? எனக்கு இன்னும் இன்ஷூரன்ஸ் கட்டலையே சார்!”

கையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்தார். நாற்பது கோடு, ஒரு பெருக்கல் குறி. மறுபடி நாற்பது கோடு, ஒரு பெருக்கல் குறி. இடம் தீர்ந்தால் துடைத்துவிட்டுக் கடைசிவரை போட வேண்டும். சோம்பேறித்தனமாக இருக்கக் கூடாது என்று தறியின் மிதிகட்டையையும் கூடவே மிதிக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார்கள். கதவிடுக்கில் அவர் கண், இன்னொரு இடுக்கில் இன்ஸ்பெக்டரின் கண்.

முதல் கால் மணி நேரம் நான் பாட்டுப் பாடிக்கொண்டே கோடு கிழித்தேன். அறை கதகதப்பாக இருந்தது. மழைக்கு இதமாக, தூக்கம் வருகிற மாதிரி. புகை இல்லை, வாசனை இல்லை. பிறகு நெற்றிப் பொட்டில் லேசாக ஒரு வலி. பாட்டில் அடுத்த வரி வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். எதற்காக மிதிக்கிறோம் என்று ஒரு தடவை தோன்றியது. ஆனால் எண்ணிக்கையில் நான் கெட்டிக்காரன், ஒன்றும் தப்பவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது முகத்தில் மழை. வாசலில் படுத்துக் கிடந்தேன். கோதண்டபாணி என் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தானே போட்டுக்கிட்டிருந்தேன்? எதுக்கு சார் தூக்கினீங்க?” என்றேன்.

அவர் சிலேட்டைக் காட்டினார். முதல் இரண்டு வரிசையில் நாற்பது நாற்பதாக இருந்தது. அப்புறம் முப்பத்தொன்று. அப்புறம் ஐம்பத்தாறு. பெருக்கல் குறியே காணோம். கடைசி வரிசையில் கோட்டின் மேலேயே கோடு, கோட்டின் மேலேயே கோடு. நான் போட்டதுதான். சத்தியமாக எனக்கு நினைவில்லை.

“நாற்பது நிமிஷம்” என்றார் கோதண்டபாணி. “கரி நெருப்பு மூடின ரூம்ல எரிஞ்சா, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வரும். ரத்தத்துல மூச்சுக்காத்து உக்கார்ற இடத்துல அது உக்காந்துக்கும். உள்ள இருக்கிற அடுப்பு ஒவ்வொண்ணா அணையும். டாக்டர் தேடினது இதைத்தான். மூளைக்கு வேலி தளர்ந்தப்புறம் போட்ட ஊசி, நேரா உள்ள இறங்கிடுச்சு. இதுல கொலையும் இல்லை, கொலைகாரியும் இல்லை.”

அப்பாதுரை சிலேட்டையும் சேலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“ஐயோ, எங்கூட்டுலயும் எரியுது! சாரல் அடிக்குதுன்னு இன்னிக்கு சன்னலையும் சாத்தியிருக்கோம்!” என்று அலறினார் நமச்சிவாயம். “என் பையன் தறியில உக்காந்துக்கினு இருக்கான்!” வேட்டி அவிழ்வது தெரியாமல் மழையில் ஓடினார். ஓடும்போதே வீடு வீடாகக் கதவைத் தட்டினார். “சன்னலைத் தொறங்கடா! அடுப்பை வெளியில போடுங்கடா!” தெரு முழுக்கச் சன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. கடைசியில், “இருக்கான்! நல்லா இருக்கான்!” என்று அவர் அழுகிற சத்தமும் கேட்டது. மணியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அம்சவேணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்ப எப்பிடிண்ணா இருக்குது?”

“தலைவலிதாம்மா. வேற ஒண்ணுமில்ல.”

“நாப்பது நிமிசந்தானே உக்காந்தீங்க?”

“ஆமாம்மா.”

“அவரு நாலு நாளு உக்காந்தாரு.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

கோதண்டபாணி அவசரமாகக் குறுக்கிட்டார். “ஊசி போடாம இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதும்மா. அந்த மருந்துதான்…”

“ஊசி மணியம்மாக்காவுக்கும் போட்டாங்க சார்.”

“கஷாயம், காய்ச்சல், எல்லாம் சேர்ந்து…”

“கஷாயம் நானும் குடிச்சேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்கதானே சார் காமிச்சீங்க? அவருக்கு மட்டும் இன்னா வித்தியாசம்னு. அந்தச் சன்னலு ஒரு பிளவு தொறந்திருந்தா?”

கோதண்டபாணிக்குப் பொய் சொல்லத் தெரியும். தொழிலே அது. ஆனால் அவர் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

“தலைய ரொம்ப வலிக்குதுன்னு செவ்வாக்கெழம சொன்னாரு சார். குளிருல வலிக்குதுன்னு நெனச்சிக்கினு நான் இன்னும் ரெண்டு கரி அள்ளிப் போட்டேன்.”

மணியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, “அடியே, வாணாண்டி, அப்படிச் சொல்லாதடி” என்று அழுதாள். அம்சவேணி அழவில்லை. மெல்ல அந்தக் கைகளை விலக்கினாள்.

அப்பாதுரை தொண்டையைச் செருமினார். “கேஸ் இல்லம்மா. நான் எழுதி முடிச்சுடறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ, புருஷன் பக்கத்துல இரு.”

அவள் எழுந்தாள். தெருவில் இறங்கி நேராக நடந்து, வந்த ஜீப்பின் பின் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“செஞ்சவங்களைத்தானே சார் புடிப்பீங்க? வாங்க, போலாம்.”

“இறங்கும்மா.”

“நான்தான் சாத்தினேன். நான்தான் கரி போட்டேன். எழுதிக்கோங்க, கைநாட்டு வெக்கிறேன்.”

“நீ வேணும்னு செய்யல. இதுக்கெல்லாம் சட்டத்துல செக்ஷன் கிடையாதும்மா.”

“அப்ப எனக்கு யாரு சார் தண்டனை குடுப்பாங்க?”

அப்பாதுரை கோதண்டபாணியைப் பார்த்தார். கோதண்டபாணி என்னைப் பார்த்தார். டிரைவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மறுபடி, “இறங்கும்மா, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்” என்றார். அவள் இரண்டு கைகளையும் விலங்கு மாட்டத் தோதாகச் சேர்த்து நீட்டியபடி, எங்களுக்காகக் காத்திருந்தாள்.